ஜீஸ் பெண்ட் போர்வைக்குள்ள இருக்கிற பஞ்சு: எங்க இருந்து வந்துச்சு, கையால எப்படி தயாராச்சு

அமெரிக்காவுல அலபாமா மாநிலம், வில்காக்ஸ் கவுண்டி. அலபாமா ஆறு ஒரு பெரிய வளைவு வளைஞ்சு திரும்புது, அந்த வளைவுக்குள்ள மூணு பக்கமும் தண்ணி சூழ்ந்து, ஒரே ஒரு ரோடு மட்டும் வெளிய போற ஊரு ஜீஸ் பெண்ட். 1949ல இருந்து கவர்மெண்ட் ரெக்கார்டுல பேரு பாய்கின், ஆனா உலகத்துக்கு தெரிஞ்சது பழைய பேருதான். இந்த ஊரு பொம்பளைங்க கையால தச்ச ஒட்டுத்துணி போர்வைங்கள 2002ல ஹூஸ்டன் நுண்கலை மியூசியத்துல கண்காட்சியா வச்சாங்க, அடுத்து அது நியூயார்க்ல விட்னி மியூசியத்துக்கு போச்சு, 2006ல அமெரிக்க தபால் துறை பத்து போர்வையோட படத்த ஸ்டாம்ப்பாவே போட்டுச்சு. அதுல இருந்து நிறைய பேர் எழுதிட்டாங்க, கலரு, கோடு, சதுரம், நவீன ஓவியத்தோட ஒப்பீடுன்னு எல்லாமே மேல்துணிய பத்தின பேச்சுதான்.

ஆனா போர்வைன்னா மூணு அடுக்கு. மேல ஒட்டுத்துணி, கீழ அடித்துணி, நடுவுல பஞ்சு. குளிர தாங்குறது அந்த நடு அடுக்கு. மேல்துணி எவ்ளோ அழகா இருந்தாலும் உள்ள பஞ்சு இல்லன்னா அது வெறும் விரிப்பு. இந்த ஊர்ல அந்த பஞ்ச கையால தயார் பண்ண விதத்த ஒரு கேஸா எடுத்து முழுசா பாக்கலாம்னுதான் இத எழுதுறேன், ஏன்னா தையல் எவ்ளோ நெருக்கமா வரணும், போர்வை எவ்ளோ கனக்கும், எத்தன வருஷம் உழைக்கும், எப்படி காய வைக்கணும்னு எல்லாத்தயும் முடிவு பண்ணது அந்த பஞ்சுதான், கண்ணுக்கு தெரியலங்கிற ஒரே காரணத்துக்காக அத யாரும் பேசுறதில்ல.

வயல் நிறைய பருத்தி, வீட்டுல பஞ்சு இல்ல

1816ல ஜோசப் ஜீங்கிறவர் வட கரோலினாவுல இருந்து வந்து இங்க பருத்தி தோட்டம் போட்டாரு, கூடவே அடிமைகளா சில பேர கொண்டு வந்தாரு. 1845ல அந்த நிலம் மார்க் பெட்வேங்கிறவர் கைக்கு போச்சு, அவர் கொண்டு வந்த நூறு பேர் பக்கம் வட கரோலினாவுல இருந்து அலபாமா வரைக்கும் நடந்தே வந்தாங்கன்னு அந்த ஊர்க்காரங்க இன்னைக்கும் சொல்றாங்க. அடிமைமுறை ஒழிஞ்ச பிறகும் அவங்க சந்ததி அங்கயேதான் இருந்துச்சு, பாதி ஊருக்கு இன்னைக்கும் பெட்வேதான் குடும்பப் பேரு. நிலம் மட்டும் அவங்களோடது ஆகல. வாரத்துக்கு, அதாவது விளைச்சல்ல நிலக்காரனுக்கு பங்கு குடுக்கிற முறைல உழுது, விதை, உரம், மாவு, உப்பு எல்லாத்தயும் வியாபாரிகிட்ட கடனா வாங்கி, அறுவடைல கழிக்கிற முறைல மாட்டிகிட்டாங்க.

இங்கதான் விஷயமே இருக்கு. வாரத்துக்கு உழுறவங்க பறிக்கிற பருத்தி, பறிக்கிறதுக்கு முன்னாடியே கடன்காரனுக்கு எழுதி வச்ச பருத்தி. ஒரு மூட்டைய தனியா எடுத்து வச்சு நம்ம வீட்டு பிள்ளைங்களுக்கு போர்வை தைப்போம்னு நினைக்க முடியாது, அது அவங்க பொருளே கிடையாது. காலைல இருந்து பொழுது சாயிற வரைக்கும் முதுகுல இழுத்துட்டு போற நீளமான சாக்குல பருத்திய நிரப்புற அதே பொம்பளைக்கு, சுவர் இடுக்கு வழியா காத்து அடிக்கிற மரப்பலகை வீட்டுல பிள்ளைங்கள போத்த பஞ்சு வெளிய எங்கயாவது தேடணும்.

1929ல ஒரு பவுண்டு பஞ்சு 17 சென்ட் பக்கம் போன அமெரிக்கால 1931ல அது 6 சென்ட்டுக்கும் கீழ விழுந்துச்சு. 1932ல ஜீஸ் பெண்ட்காரங்களுக்கு கடன் குடுத்துட்டு இருந்த வியாபாரி இறந்து போக, அவர் குடும்பத்து ஆளுங்க வந்து கடனுக்காக மாடு, கோவேறு கழுதை, பன்னி, கலப்பை, சேத்து வச்ச சோளம் வரைக்கும் டஜன் கணக்கான வீடுகள்ல இருந்து தூக்கிட்டு போயிட்டாங்க. அந்த குளிர்காலத்த அந்த ஊரு ரெட் கிராஸ் அனுப்புன உணவுலதான் தாண்டுச்சு. இந்த மாதிரி வருஷத்துல போர்வைங்கிறது கலைப்பொருளும் இல்ல பொழுதுபோக்கும் இல்ல, பிள்ளை உயிரோட இருக்கணும்னா வேணும், அவ்ளோதான்.

பஞ்சு எங்க கிடைச்சுச்சு

ரெண்டு மூணு வழி. முதல் வழி, பறிப்பு முடிஞ்ச வயல்ல தங்குனது. பருத்தி ஒரே நாள்ல வெடிக்காது, பல வாரம் வெடிக்கும், கடைசி பறிப்புக்கு அப்புறமும் செடில பாதி வெடிச்ச காய், மழை பட்டு பழுப்பு ஏறுன பஞ்சு, தரைல விழுந்து மண்ணு ஒட்டுனது எல்லாம் கிடக்கும். விலைக்கு போகாத அத பொறுக்கிக்கலாம். ரெண்டாவது வழி, ஜின்னிங் நடக்குற இடத்துல தரைய கூட்டுனது. கொட்டை பிரிக்கிற மெஷின சுத்தி பறந்து படியிற குட்டை இழை, முத்தாத கொட்டையோட ஒட்டிட்டு வெளிய தள்ளப்படுற குப்பைப்பஞ்சு, இலை துணுக்கு, காய்ஓட்டு துண்டு எல்லாம் சேந்த ஒரு கலவை. ஜீஸ் பெண்ட் பொம்பளைங்க சொன்ன நினைவுகள்ல ஜின் தரைல கூட்டி எடுத்த பஞ்ச குச்சியால அடிச்சு போர்வைக்குள்ள வச்ச கதை திரும்ப திரும்ப வருது. மூணாவது வழி பழைய போர்வை. துணி கிழிஞ்சு தாங்காம போனத அப்படியே புதுசுக்கு உள்ள வச்சு தச்சிடுறது.

முதல் வழில கிடைச்ச பருத்திக்கு கொட்டை எடுக்கிற வேலை தனியா இருக்கு. அமெரிக்க மேட்டுநில பருத்தில பச்சை நிற மெல்லிய பூனைமயிர் போத்துன கொட்டை, இழை அத விடவே விடாது. யாருக்காவது கொட்டை எடுக்காத பருத்தி கிடைச்சா ஒரே ஒரு சுளைய எடுத்து கையால பிரிச்சு பாருங்க, கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் கொட்டைய பிடிக்க, மத்த கை இழைய சுத்தி சுத்தி உரிக்கணும், பாதி இழை அறுந்து கொட்டையோடயே நிக்கும். ஒரு ஆள் நாள் முழுக்க உக்காந்தா கையால பிரிக்கிற சுத்தப் பஞ்சு ஒரு பவுண்டுன்னு பழைய கணக்கு. பருத்தில மூணுல ஒரு பங்குதான் பஞ்சு, மீதி கொட்டை எடை, அதனால ரெண்டு பவுண்டு பஞ்சு வேணும்னா ஆறு பவுண்டு பருத்தி வேணும், ரெண்டு முழு நாள் வேலை. பகல்ல யாருக்கு நேரம்? அதனாலதான் குளிர்கால ராத்திரில அடுப்பங்கரைல குடும்பமே உக்காந்து பிரிக்கிறது, தீ பக்கத்துல வச்சு பருத்திய கொஞ்சம் சூடாக்குனா ஈரம் போயி கொட்டை லேசா வந்துரும். தென் மாநிலங்கள்ல பல குடும்பங்கள்ல, ஒவ்வொரு பிள்ளையும் தன் ஷூ நிறைய கொட்டை எடுத்தாதான் படுக்க போகலாம்னு வச்சிருந்தாங்கன்னு சொல்ற நினைவு இருக்கு.

அடிக்கிறதா, சீவுறதா

பிரிச்ச பஞ்சு அப்படியே போர்வைக்கு ஆகாது. அது கட்டி கட்டியா இருக்கும், கட்டிக்கு நடுவுல வெறும் இடம் இருக்கும், அந்த வெறும் இடத்துல குளிரு உள்ள வந்துரும். பஞ்சு சூடு குடுக்குறது அதோட இழையால இல்ல, இழைக்கு நடுவுல அசையாம நிக்கிற காத்தால. அதனால கட்டிய உடைச்சு, ஒவ்வொரு இழையும் பக்கத்து இழைல இருந்து கொஞ்சம் விலகி நிக்கிற அளவுக்கு மலர்த்தி, அத சமமான கனத்துல பரப்பணும். இத செய்ய உலகத்துல மூணு முறை பெரும்பாலும் இருந்துச்சு.

நமக்கு பழக்கமானது வில்லு. நரம்பு கட்டுன பெரிய வில்ல பஞ்சு குவியலுக்கு மேல வச்சு மரக்கட்டையால நரம்ப தட்டி விட்டா அது அதிர்ற அதிர்ச்சில பஞ்சு பிரிஞ்சு எகிறும், தூசியும் கொட்டை துண்டும் கீழ விழும். பஞ்சு கொட்டுறவங்க தோள்ல வில்ல மாட்டிட்டு தெருத்தெருவா வந்தத பாத்தவங்க இன்னும் இருக்காங்க, சங்கப் பாட்டுலயே வில்லால அடிச்ச பஞ்ச உவமையா வச்சிருக்காங்க, அவ்ளோ பழசு. அமெரிக்காவுக்கும் இது ஒரு காலத்துல போயிருந்துச்சு, ஜார்ஜியால இருந்து இங்கிலாந்துக்கு போன மேட்டுநில பஞ்சுக்கு வியாபாரத்துல வில்லடிச்ச ஜார்ஜியா பஞ்சுன்னே பேரு இருந்துச்சு. ஆனா அங்க வீட்டு போர்வை வேலைல அது நிக்கல.

அங்க நின்னது ரெண்டு. ஒண்ணு கார்டிங் பலகை. கைப்பிடி வச்ச ரெண்டு பலகை, ஒவ்வொண்ணுலயும் தோல்ல குத்தி இறுக்குன நூத்துக்கணக்கான மெல்லிய வளைஞ்ச கம்பிப்பல்லு. இடது கை பலகைய தொடைல வச்சு அதுல கொஞ்சமா பஞ்ச அப்பி, வலது கை பலகையால மேல இருந்து மெதுவா சீவணும். அழுத்தி சீவுனா இழை அறுந்து சின்ன சின்ன முடிச்சு விழுந்துரும், பல்லும் பல்லும் உரசக்கூடாது, பஞ்சு மட்டும்தான் ரெண்டுக்கும் நடுவுல இழுபடணும், அந்த பதம் கைக்கு வர நாளாகும். ஏழெட்டு தடவை சீவுன பிறகு பாதி பஞ்சு இந்த பலகைல பாதி அந்த பலகைல ஒட்டி நிக்கும், இப்ப ஒரு பலகைய திருப்பி பல்லோட வளைவுக்கு எதிர் திசைல லேசா ஒரு இழுப்பு இழுத்தா பஞ்சு முழுசா பேந்து பலகை அளவுக்கு ஒரு மெல்லிய தகடா கைக்கு வந்துரும். நூல் நூக்கிறதா இருந்தா அத உருட்டி பட்டை ஆக்குவாங்க, போர்வைக்குன்னா உருட்டாம தட்டையா அப்படியே அடுக்கி வைப்பாங்க.

இதுல எவ்ளோ உழைப்புன்னு ஒரு கணக்கு போட்டு பாக்கலாம். ஒரு தகடு சுமாரா ஒம்பது இன்ச்சுக்கு நாலு இன்ச்சுன்னு வைங்க, 36 சதுர இன்ச். ஆறடிக்கு ஏழடி போர்வை 6,048 சதுர இன்ச். ஒரே அடுக்கு, ஒண்ணுக்கு ஒண்ணு மேல ஏறாம வச்சாலே 168 தகடு. ஆனா அப்படி வச்சா சந்துல காத்து பூந்துரும், அதனால ஓடு வேயுற மாதிரி ஒண்ணோட ஓரத்துல அடுத்தது ஏறி உக்காரணும், குறுக்கா இன்னொரு அடுக்கும் போடணும், அப்ப 350க்கு மேல போயிரும். ரெண்டு பவுண்டு பஞ்ச 350ஆ பிரிச்சா தகடு ஒண்ணுக்கு ரெண்டரை கிராம் சொச்சம் வரும். ஒரு போர்வைக்கு உள்ள வைக்கிற, வெளிய யாரும் பாக்கவே போகாத பொருளுக்கு 350 தடவை அப்பி, சீவி, உரிச்சு எடுக்கிற வேலை.

இன்னொரு முறை குச்சி. ஜீஸ் பெண்ட்காரங்க நினைவுல அதிகம் வர்றது இதுதான். காரணம் புரியாததில்ல, கார்டிங் பலகை காசு குடுத்து வாங்கணும், கம்பிப்பல்லு தேயும், அதோட ஜின் தரைல கூட்டுன பஞ்சுல இருக்கிற காய்ஓட்டும் கொட்டை துண்டும் கம்பில மாட்டி பல்ல வளைச்சிரும். குச்சிக்கு காசில்ல. பஞ்ச ஒரு துணி மேலயோ தரைலயோ குவிச்சு, நல்லா வளையிற மெல்லிய குச்சியால அடி அடின்னு அடிக்கணும். தடிக்குச்சி ஆகாது, அது பஞ்ச நசுக்கி இன்னும் கட்டியாக்கிரும். மெல்லிய குச்சி பஞ்சுக்குள்ள இறங்கி மேல வரும்போது இழைய கூடவே இழுத்துட்டு வரும், அப்பதான் அது மலரும். கனமான குப்பை உதிர்ந்து அடில தங்கும், பஞ்ச தூக்கி உதறி திருப்பி போட்டு மறுபடி அடிக்கணும். மூக்குலயும் வாயிலயும் பஞ்சு தூசி ஏறும், ஒரு குவியல் தயாராக தோள்பட்டை விட்டுப்போகும்.

ரெண்டுக்கும் பலன்ல பெரிய வித்தியாசம் இருக்கு. சீவுன பஞ்சுல இழை எல்லாம் ஓரளவு ஒரே திசைல படுத்திருக்கும், தகடு மெல்லிசா சமமா இருக்கும், ஊசி லேசா இறங்கும். அடிச்ச பஞ்சுல இழை கண்டபடி பின்னி கிடக்கும், கனம் இடத்துக்கு இடம் மாறும், இங்க அங்க முடிச்சு நிக்கும், ஜின் தரை பஞ்சுன்னா இழையே குட்டை. ஆனா பின்னி கிடக்கிறதால அது சீக்கிரம் பிரிஞ்சு வராதுங்கிறது ஒரு நன்மை. என்னோட அபிப்பிராயம், கையில இருந்த மூலப்பொருளுக்கு குச்சிதான் சரியான கருவி, அத நாகரிகம் தெரியாத முறைன்னு யாராவது சொன்னா அவங்க ஜின் தரை பஞ்ச பாக்காதவங்க.

பஞ்சு சொல்ற இடத்துல தையல்

தயாரான பஞ்ச எப்படி வைக்கிறாங்கன்னு பாப்போம். மரச்சட்டத்துல முதல்ல அடித்துணிய இழுத்து கட்டுவாங்க, பெரும்பாலும் பிரிச்சு துவைச்ச உரச்சாக்கு, மாவுச்சாக்கு, அதுல அச்சடிச்ச எழுத்து பல தடவை துவைச்ச பிறகும் மங்கலா தெரியும். அது மேல பஞ்ச கையால பரப்புவாங்க. இந்த இடத்துல கைதான் தராசு, உள்ளங்கைய விரிச்சு லேசா அமுக்கிட்டே போகும்போது எங்க பள்ளம் எங்க மேடுன்னு தெரியும், பள்ளத்துல ஒரு பிடி சேக்குறது, மேட்டுல இருந்து பிச்சு எடுக்குறது. அதுக்கு மேல ஒட்டுத்துணிய விரிச்சு மூணு அடுக்கையும் சேத்து ஓட்டுத்தையல் போடணும். 1937ல அரசாங்கத்துக்காக ஆர்தர் ராத்ஸ்டீன் ஜீஸ் பெண்ட்ல எடுத்த போட்டோக்கள்ல ஒண்ணு, ஜோரினா பெட்வேங்கிற அம்மா ரெண்டு பொண்ணுங்களோட போர்வை வேலைல இருக்கிற படம். அந்த படத்த பாக்குறவங்க ஒட்டுத்துணியோட கோலத்ததான் பாப்பாங்க, நான் அந்த துணி எங்கெங்க உப்பி நிக்குதுன்னு பாப்பேன்.

தையல் அழகுக்குன்னு நினைக்கிறது தப்பு. பசை இல்லாத, வெறும் கையால தயாரான பஞ்சு துணிக்குள்ள நகரும். துவைச்சா ஈரத்துல கனத்து ஒரு மூலைல போயி உருண்டுரும், அப்புறம் போர்வைல பாதி பஞ்சு பாதி வெறும் துணி. அத நிறுத்தணும்னா ஒன்னு ரெண்டு இன்ச்சுக்கு ஒரு வரி தையல் ஓடணும். இன்னைக்கு கடைல விக்கிற, மெஷின்ல ஊசி குத்தி இறுக்குன பேட்டிங், அதாவது போர்வைக்கு நடுவுல வைக்க தயாரா வர்ற பஞ்சு விரிப்பு, அதோட கவர்ல எட்டு இன்ச், பத்து இன்ச் இடைவெளி விட்டு தச்சா போதும்னு போட்டிருக்கும், ஏன்னா அது தன்னால பிடிச்சு நிக்கும். அதனால பழைய போர்வைல வரி நெருக்கமா ஓடுதுன்னா பஞ்சு அப்படி கேட்டுச்சுன்னு அர்த்தம். ஜீஸ் பெண்ட் போர்வைல நேர்கோட்டு வரியும், வில்லு வில்லா வளைஞ்சு அடுக்கடுக்கா போற வரியும் நிறைய பாக்கலாம். சட்டத்து ஓரத்துல உக்காந்து முழங்கைய ஊன்றி கை எட்டுற தூரத்துக்கு அரைவட்டமா தச்சுட்டே போனா அந்த வளைவு தானா வரும், கோடு போட சாக்பீஸ் கூட வேண்டாம், பஞ்சு எந்த பக்கமும் நழுவ வழியும் இருக்காது. அளவு எடுக்காம, நேரம் வீணாக்காம, வேலை நடக்குற வளைவு அது.

அவங்க தையல்கண்ணு பெருசா இருக்குன்னு சில பேர் குறையா பேசுறத கேட்டிருக்கேன். அவங்க ஊசி எத தாண்டி போகுதுன்னு பாருங்க. மேல பழைய வேலை பேண்ட்டோட டெனிம், முட்டி தேஞ்ச இடத்துல ஒட்டு, கீழ சாக்குத்துணி, நடுவுல அடிச்ச பஞ்சு, அந்த பஞ்சுல தப்பிச்ச ஒரு கொட்டை. ஊசி முனை கொட்டைல முட்டுனா நின்னுரும், அமுக்குனா ஊசி உடையும் இல்ல விரல் கிழியும், பக்கத்துல நகத்தி குத்தணும், தையல் கண்ணு பெருசாகும். மிசூரி பெட்வேங்கிற அம்மா, இறந்து போன தன் கணவரோட வேலைத் துணிங்கள வச்சு 1942ல தச்ச போர்வை ஒண்ணு இன்னைக்கு ரொம்ப பிரபலம். அந்த துணி கனத்துல ஊசி இறங்குறதே பெரிய விஷயம்.

கொட்டைய பத்தி ஒரு தப்பான நம்பிக்கைய இங்க சொல்லியாகணும். பழைய போர்வைய வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா உள்ள கருப்பு புள்ளியா கொட்டை தெரிஞ்சா, அது எலி விட்னி ஜின் மெஷினுக்கு பேட்டண்ட் வாங்குன 1794க்கும் முந்தின போர்வைன்னு பழம்பொருள் விக்கிறவங்க சொல்றது உண்டு. அது சரியில்ல. மெஷின் வந்த பிறகும் குப்பைப்பஞ்சுல கொட்டை துண்டு தங்கத்தான் செஞ்சுச்சு, வீட்டுல கையால பிரிச்சவங்க கிட்டயும் தப்பிச்சுச்சு, 20ம் நூற்றாண்டு போர்வைலயும் நிறைய இருக்கு. கொட்டை சொல்றது காலத்த இல்ல, அந்த வீட்டுக்கு எந்த தரத்து பஞ்சு கிடைச்சுச்சுங்கிறத. கொட்டைல எண்ணெய் இருக்கறதால வருஷம் போக போக அது துணில மஞ்சளா பழுப்பா ஒரு கறைய விடும், மேல்துணில அங்கங்க தெரியிற சின்ன வட்ட கறைல சிலது அப்படி உள்ள இருந்து வந்தது. மியூசியத்துல அத அழுக்குன்னு நினைச்சு கடந்துராதீங்க.

எப்படி வச்சிருந்தாங்க

பஞ்சு ஈரத்த இழுக்கும். சாதாரண காத்துலயே தன் எடைல ஏழெட்டு சதவீதம் ஈரம் வச்சிருக்கும், ஆத்தோர ஊருன்னா கேக்கவே வேண்டாம். அதோட ராத்திரி ராத்திரியா உடம்பு எடைல அமுங்கி அமுங்கி காத்து இருந்த இடம் குறையும், போர்வை அதே கனம்தான், ஆனா சூடு குறைஞ்சிரும், அதனால ஒரு ஆளு மேல மூணு நாலு போர்வை போட வேண்டி வரும். அத மீட்க வழி வெயில். குளிர் முடிஞ்சதும் எல்லா போர்வையயும் வெளிய கொடிலயும் வேலிலயும் போட்டு காத்தாட விடுறது அந்த ஊரு வழக்கம், ஈரம் போனா இழை நிமிரும், ஓரளவு மறுபடி உப்பும். துவைக்கிறத முடிஞ்ச வரைக்கும் தள்ளி போடுவாங்க, கனமான பஞ்சு போர்வைய தண்ணில முக்குனா ரெண்டு பேர் சேந்து தூக்கணும், காய நாள் கணக்குல ஆகும், தையல் ஒரு இடத்துல விட்டாலும் பஞ்சு உருண்டுரும்.

தேஞ்சு போன போர்வைக்கும் வேலை இருந்துச்சு. சுவர்ல மாட்டி காத்த தடுத்தாங்க, தரைல பிள்ளைங்களுக்கு படுக்கையா போட்டாங்க, புது போர்வைக்கு உள்ள வச்சாங்க, கடைசில கொசு விரட்ட புகை போடவும் எரிச்சாங்க. எவ்ளோ போர்வை இப்படி முடிஞ்சு போச்சுன்னு யோசிச்சா மியூசியத்துல இருக்கிறது எவ்ளோ சின்ன பங்குன்னு புரியும். அதுக்காக வருத்தப்படுறவங்க இருக்காங்க, எனக்கு அதுல வருத்தம் இல்ல, கடைசி இழை வரைக்கும் உபயோகப்படுத்துன பொருளு அது.

அரசாங்கம் வந்த பிறகு, பருத்தி போன பிறகு

1930கள் நடுவுல அரசாங்கத்தோட மறுகுடியேற்ற துறை ஜீஸ் பெண்ட் நிலத்த வாங்கி, அந்த குடும்பங்களுக்கே பிரிச்சு குடுக்குற திட்டம் கொண்டு வந்துச்சு. புது வீடு, கடை, பள்ளிக்கூடம், ஊருக்குன்னு சொந்தமா ஜின்னிங் எல்லாம் வந்துச்சு, வியாபாரி கடனுக்கு எழுதி வைக்காத பருத்தின்னு ஒண்ணு அந்த ஊருக்கு வந்துச்சு. சொந்த நிலம் ஆனதாலதான் பின்னாடி கருப்பின மக்களோட ஓட்டுரிமை போராட்ட காலத்துல மத்த ஊர்ல வாரக்காரங்கள விரட்டுன மாதிரி இவங்கள விரட்ட முடியல, ஆத்த கடக்குற ஃபெர்ரிய மட்டும் 1962ல நிறுத்தி பாத்தாங்க, அது திரும்ப ஓட 2006 ஆச்சு.

அதே காலத்துல நடந்த இன்னொரு விஷயம் கையால பஞ்சு வேலை பண்றத பத்தி நிறைய சொல்லுது. பஞ்சு விலை விழுந்து அரசாங்க குடோன்ல தேங்கி கிடந்தப்ப, 1940ல அமெரிக்க விவசாயத் துறை தென் மாநில ஏழை குடும்பங்களுக்கு மெத்தை திட்டம்னு ஒண்ணு ஆரம்பிச்சுச்சு. ஒரு மெத்தைக்கு 50 பவுண்டு பஞ்சு, 10 கஜம் மெத்தைத்துணி இலவசம், தைக்கிறது அவங்க வேலை. பள்ளிக்கூடத்துலயும் ஊர் பொது கட்டடத்துலயும் கூடி, பேல்ல இறுகி வந்த பஞ்ச கையால பிச்சு, உறைக்குள்ள அடுக்கடுக்கா வச்சு, சுத்தி நின்னு குச்சியால அடிச்சு சமப்படுத்துனாங்க. பல லட்சம் மெத்தை இப்படி உருவாச்சு. போர்வைக்கு ரெண்டு பவுண்டு, மெத்தைக்கு 50 பவுண்டு, ஆனா குச்சி ஒண்ணுதான், அடிக்கிற கையும் ஒண்ணுதான். திட்டம் போட்ட அதிகாரிங்க புதுசா சொல்லிக்குடுத்தது உறை தைக்கிற அளவும் ஓரம் கட்டுற முறையும், பஞ்சு அடிக்க யாருக்கும் சொல்லிக்குடுக்க தேவைப்படல.

கடைல தயாரா பேட்டிங் கிடைக்கலயான்னு கேட்டா, கிடைச்சுச்சு. ஒஹாயோ மாநிலம் சின்சினாட்டில ஸ்டெர்ன்ஸ் அண்ட் ஃபாஸ்டர் கம்பெனி 1846லயே ஆரம்பிச்சது, பின்னாடி மவுண்டன் மிஸ்ட்ங்கிற பேருல மேல ஒரு மெல்லிய பூச்சு குடுத்து, பிரிக்கும்போது கிழியாத பஞ்சு சுருள வித்தாங்க, சுத்தி வர்ற காகிதத்துலயே போர்வை டிசைன் அச்சடிச்சு குடுத்தாங்க. நடுத்தர வீடுகள்ல அது போச்சு. ஜீஸ் பெண்ட்ல அதுக்கு குடுக்க கையில காசு இல்ல.

அங்க கை பஞ்சு நின்னு போனதுக்கு கடை பஞ்சு நல்லா இருந்தது மட்டும் காரணம் இல்ல, பருத்தியே போனதுதான் பெரிய காரணம். 1960கள்ல அலபாமா ஆத்துல மில்லர்ஸ் ஃபெர்ரி அணை வந்துச்சு, ஊரோட நல்ல வண்டல் நிலம் எல்லாம் தண்ணிக்குள்ள போச்சு, பருத்தி பறிக்கிற மெஷின் வேற வந்து சின்ன விவசாயிய ஓரம் கட்டிருச்சு. வயல் இல்லன்னா பொறுக்க பஞ்சு இல்ல, ஜின் இல்லன்னா கூட்ட தரை இல்ல. இத மாற்றம்னு சொல்லி நான் லேசா கடந்து போக விரும்பல, அது நிலத்த பறிகொடுத்த கதை.

1966ல பாதிரியார் ஃபிரான்சிஸ் வால்டர் உதவியோட வில்காக்ஸ் கவுண்டி கருப்பின பொம்பளைங்க ஃப்ரீடம் குவில்டிங் பீங்கிற கூட்டுறவு ஆரம்பிச்சாங்க, நியூயார்க்ல போர்வைங்கள ஏலம் விட்டாங்க, பெரிய கடைங்க ஆர்டர் குடுத்துச்சு, 1972ல சியர்ஸ் கம்பெனிக்கு கார்டுராய்ங்கிற வரிவரியான தடித்துணில தலகாணி உறை தச்சாங்க, அந்த வேலைல மிஞ்சுன கார்டுராய் துண்டுதான் பிறகு எத்தனையோ ஜீஸ் பெண்ட் போர்வைல வருது. கடைக்கு போற சரக்குன்னா எல்லாம் ஒரே கனம், ஒரே எடை, துவைச்சா உருளக்கூடாது. குச்சியால அடிச்ச பஞ்சு அந்த கணக்குக்கு வராது, வாங்குன பேட்டிங் வரும். அந்த பொம்பளைங்களுக்கு முதல் தடவையா கையில சம்பளம் வந்தது இதுல, அதனால கை பஞ்சு போனது நஷ்டம்னு வெளிய இருந்து யாரும் சொல்றதுக்கில்ல. தோள்பட்டை விட்டுப்போக அடிச்சவங்களுக்கு அது விடுதலை.

ஒரு குறை மட்டும் எனக்கு உண்டு. கண்காட்சில போர்வைக்கு பக்கத்துல வைக்கிற குறிப்புல பெரும்பாலும் மேல்துணிதான் இருக்கும், டெனிம், கார்டுராய், காட்டன்னு. உள்ள இருக்கிறது வயல்ல பொறுக்குனதா, ஜின் தரைல கூட்டுனதா, சீவுனதா, அடிச்சதா, பழைய போர்வையா, கடை சுருளா, இதயும் எழுதுனா அந்த குடும்பத்துக்கு அந்த வருஷம் எப்படி போச்சுன்னு தெரிஞ்சுக்கலாம். கண்டுபிடிக்க போர்வைய பிரிக்க வேண்டியதில்ல. வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா கனம் மாறுறது தெரியும், கொட்டை தெரியும், கையால தடவுனா முடிச்சு தெரியும், தையல் வரி இடைவெளிய அளந்தாலே ஓரளவுக்கு ஊகிக்கலாம், எல்லாத்துக்கும் மேல தச்சவங்க இருக்கும்போதே கேக்கலாம்.

2022ல இருந்து ஜீஸ் பெண்ட்ல அக்டோபர் மாசம் போர்வைங்கள வெளிய காத்தாட போடுறதயே ஒரு திருவிழாவா நடத்துறாங்க, ஊரெல்லாம் கொடில போர்வை தொங்கும், வெளியூர்ல இருந்து ஆளுங்க வந்து பாக்குறாங்க, வாங்குறாங்க. இப்ப தைக்கிறதுல பெரும்பாலும் கடை பேட்டிங்தான், அதுக்கு ஈரம் எடுக்க வருஷா வருஷம் வெயில் தேவையே இல்ல. யாராவது அங்க போனா, பழசும் புதுசும் பக்கத்து பக்கத்துல தொங்குற இடத்துல அனுமதி கேட்டு ரெண்டயும் ஒரு ஓரமா தூக்கி பாருங்க, பழசு கையில கனக்கும், அந்த கனத்துல பஞ்சோட சேந்து அந்த ஊரு மண்ணும் கொஞ்சம் இருக்கும்.